அரை மீட்டருக்கு 33 ஆண்டுகள்

லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளையும் மளிகைக் கடைகளையும் கடந்து, ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அப்பால் நடந்தால் ஃபேரர் பார்க் பகுதி வரும். குதிரைப் பந்தயத்தைக் குறிக்கும் அந்தச் சாலையின் பெயருக்குக் காரணம் உண்டு. 1842ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் விளையாட்டு மன்றம், இந்தப் பகுதியில்தான் குதிரைப் பந்தயங்களை நடத்தியது. 1911ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் இந்தத் திடலிலிருந்துதான். 1933ஆம் ஆண்டில் பந்தயங்கள் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறின. அதன் பிறகு ஃபேரர் பார்க் பொதுமக்களின் விளையாட்டுத் திடலாயிற்று. காற்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் எனப் பல விளையாட்டுகள் அங்கே ஆடப்பட்டன.

அந்தத் திடலை ஒட்டிய ரட்லண்ட் சாலையில் 1957ஆம் ஆண்டு ஒரு பொது நீச்சல் குளம் திறக்கப்பட்டது. அந்தக் குளத்தருகே வளர்ந்த ஒரு சிறுவன், பின்னாளில் ஓர் ஆண்டு முழுவதற்கும் உலகின் ஆக வேகமான நீச்சல் வீரராக விளங்கினார். அவர் பெயர் ஆங் பெங் சியோங். ஆனால், அவர் அந்த வேகத்தை எட்டிய காலத்தில், அதற்குரிய போட்டி ஒலிம்பிக்கில் இல்லை. உச்சத்தைத் தொட்டும் உச்ச மேடை கிடைக்காத ஒரு வீரர், பின்னர் என்ன செய்தார் என்பதே அவரது வாழ்க்கையின் சிறப்பு.

குளத்துக்கு வந்த நகரம்

சிங்கப்பூர் ஒரு தீவு. ஆயினும், தீவில் வாழ்ந்த எல்லாருக்கும் நீந்தக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எளிதில் கிடைத்துவிடவில்லை. சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் 1931ஆம் ஆண்டில் மவுண்ட் எமிலியில் திறக்கப்பட்டது. அதுவும் லிட்டில் இந்தியாவிலிருந்து சிறிது தொலைவிலுள்ள குன்றுதான். குடிநீரைச் சேமித்து வைத்த நீர்த்தேக்கத் தொட்டியே அங்கு நீச்சல் குளமாக மாற்றப்பட்டது. அதன் பிறகு 1952ஆம் ஆண்டில் யான் கிட் நீச்சல் குளமும், 1957ஆம் ஆண்டில் ஃபேரர் பார்க் நீச்சல் குளமும் திறக்கப்பட்டன.

பொதுக் குளங்கள் வந்த பிறகு, மன்றங்களில் உறுப்பினராக முடியாத குடும்பங்களின் பிள்ளைகளும் சிறு கட்டணத்தில் நீந்த முடிந்தது. ஃபேரர் பார்க்கைச் சுற்றியிருந்த தெருக்களில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எனப் பல இனத்தவர் வாழ்ந்தனர். அவர்களின் பிள்ளைகள் ஒரே குளத்தில் இறங்கினார்கள்.

அந்தக் குளத்தின் மேற்பார்வையாளராகப் பணியாற்றியவர் ஆங் டெக் பீ. அவரும் ஒரு விளையாட்டு வீரர். 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டியில் பங்கேற்றவர். அப்போது சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு பகுதியாக இருந்ததால், அவர் மலேசியாவைப் பிரதிநிதித்தார். 1962ஆம் ஆண்டில் பிறந்த அவருடைய மகன்தான் பெங் சியோங். தந்தையின் பணியிடமே மகனுக்கு விளையாட்டு இடமாகவும் பயிற்சிக்கூடமாகவும் அமைந்தது.

எதேச்சைப் பாணி என்பது என்ன?

ஃப்ரீஸ்டைல் எனப்படும் எதேச்சைப் பாணி நீச்சலே ஆங் பெங் சியோங்கின் துறை. மல்லாந்த நீச்சல், நெஞ்சு நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் ஆகிய மூன்றுக்கும் கை கால்களை எப்படி அசைக்க வேண்டும் என்று விதிகள் உள்ளன. எதேச்சைப் பாணியில் அத்தகைய கட்டுப்பாடு இல்லை. வீரர் தம் விருப்பப்படி எந்த முறையிலும் நீந்தலாம். இருப்பினும், எல்லா வீரர்களும் ஒரே முறையையே பின்பற்றுகின்றனர். உடலைக் குப்புற நீட்டி, கைகளை மாறி மாறி முன்னே வீசி நீரைப் பின்னே தள்ளுவதும், கால்களை மேலும் கீழும் விரைவாக அசைப்பதுமே அந்த முறை. மனிதர் அறிந்த நீச்சல் முறைகளில் அதுவே வேகமானது.

நீரில் வேகமாகச் செல்வது நிலத்தில் ஓடுவதைப் போன்றதன்று. காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் கூடக் கூட நீரின் எதிர்ப்பு அதைவிட விரைவாகக் கூடும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால், எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே, வலிமையான கைகள் மட்டும் போதா. தலை சற்று உயர்ந்தாலும், இடுப்பு சற்றுத் தாழ்ந்தாலும் நீர் உடலைப் பின்னுக்கு இழுக்கும். தேவையற்ற அசைவுகளைக் குறைப்பதற்கே வீரர்கள் பல ஆண்டுகள் பயிற்சி செய்கின்றனர்.

எதேச்சைப் பாணியில் ஆகக் குறுகிய தூரம் 50 மீட்டர். ஒலிம்பிக் அளவுள்ள குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஒரு முறை நீந்துவது. இடையில் திரும்புதல் இல்லை. தவற்றைச் சரிசெய்யும் நேரமும் இல்லை. மூச்சு வாங்கத் தலையைத் திருப்பினால்கூட வேகம் குறையும் என்பதால், பலர் ஓரிரு முறை மட்டுமே மூச்சு வாங்குகிறார்கள். சிலர் மூச்சு வாங்காமலேயே நீந்தி முடிக்கின்றனர்.

ஒரு நொடியை நூறாகப் பகுத்தல்

குறுந்தூர நீச்சலில் நொடியின் நூறில் ஒரு பங்கும் முக்கியம். அந்த அளவுக்குத் துல்லியம் தேவை என்பதை உலகம் ஒரு பெரிய சர்ச்சையின் மூலம் உணர்ந்தது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் நடந்த 100 மீட்டர் எதேச்சைப் பாணிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டனர். கைக்கடிகாரங்கள் லார்சனுக்குக் குறைந்த நேரத்தைக் காட்டின. ஆனால், நடுவர்களின் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து டெவிட்டுக்கே தங்கம் வழங்கப்பட்டது.

மனிதக் கண்ணை மட்டும் நம்பினால் நியாயம் தவறக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது. பின்னர், குளத்தின் சுவரில் மின்னணுத் தொடுபலகைகள் பொருத்தப்பட்டன. வீரரின் கை பட்டவுடன் கடிகாரம் தானாகவே நின்றுவிடும். இன்று நீச்சல் நேரங்களை இரண்டு தசம இடங்கள் வரை எழுதுவதற்கு இந்தக் கருவியே துணை நிற்கிறது.

22.69

ஆங் பெங் சியோங் உயர்கல்விக்காக அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நீச்சல் ஒரு பெரிய விளையாட்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் குழு உண்டு. குழுக்களிடையே கடும் போட்டி உண்டு. அங்குள்ள வீரர்கள் பலர் ஒலிம்பிக் அளவிலான திறனுடையவர்கள். உள்ளூரில் முதல் இடம் பெற்றுப் பழகிய வீரர், அங்கே அன்றாடப் பயிற்சியிலேயே தம்மைவிட வேகமானவர்களைச் சந்திக்க நேரும்.

1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இண்டியானாபொலிஸ் நகரில் அமெரிக்க தேசிய நீச்சல் போட்டிகள் நடைபெற்றன. 50 மீட்டர் எதேச்சைப் பாணியில் 19 வயது ஆங் பெங் சியோங் 22.69 நொடிகளில் சுவரைத் தொட்டு வென்றார். அந்த ஆண்டு உலகில் வேறு எவரும் அந்தத் தூரத்தை அதைவிடக் குறைந்த நேரத்தில் நீந்தவில்லை. 1982ஆம் ஆண்டின் உலகத் தரவரிசையில் முதல் இடத்தில் சிங்கப்பூரர் ஒருவரின் பெயர் இடம்பெற்றது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ‘உலகச் சாதனை’ என்பது அதுவரை நீந்திய எல்லாரையும்விடக் குறைந்த நேரத்தில் நீந்துவது. ‘ஆண்டின் ஆக வேகமான நேரம்’ என்பது அந்த ஓர் ஆண்டில் நீந்திய எல்லாரையும்விட வேகமாக நீந்துவது. ஆங் எட்டியது இரண்டாவது வகை. அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது. ஏறத்தாழ 25 இலட்சம் மக்களே வாழ்ந்த ஒரு சிறு நாட்டிலிருந்து சென்ற மாணவர், உலகின் வலிமைமிக்க நீச்சல் நாட்டில், அதன் தேசியப் போட்டியிலேயே அந்த நேரத்தைப் பதிவு செய்தார்.

22.69 நொடிகளில் 50 மீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் வேகம். மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். நிலத்தில் அது மெதுவோட்டக்காரரின் வேகம்தான். நீரிலோ அது அந்த ஆண்டில் மனிதர் எட்டிய எல்லை.

இல்லாத மேடை

உலகிலேயே வேகமானவர் என்றால், அடுத்து எல்லாரும் எதிர்பார்ப்பது ஒலிம்பிக் பதக்கத்தை. ஆனால், 50 மீட்டர் எதேச்சைப் பாணி அப்போது ஒலிம்பிக் பட்டியலில் இல்லை. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் 50 கெஜப் போட்டி ஒருமுறை நடத்தப்பட்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாக 100 மீட்டரே ஒலிம்பிக்கின் ஆகக் குறுகிய நீச்சல் போட்டியாக இருந்தது. உலக நீச்சல் வெற்றியாளர் போட்டியிலும் 1986ஆம் ஆண்டில்தான் 50 மீட்டர் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக்கில் அது 1988ஆம் ஆண்டு சோல் நகரில் இடம்பெற்றது.

இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் நிலைமை விளங்கும். ஆங் உலகின் ஆக வேகமான வீரராக இருந்தது 1982இல். அவருடைய தூரத்துக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 1988இல். இடையில் 6 ஆண்டுகள். குறுந்தூர நீச்சல் வீரருக்கு 6 ஆண்டுகள் என்பது நீண்ட காலம்.

சோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேட் பியோண்டி 22.14 நொடிகளில் நீந்தித் தங்கம் வென்றார். மூன்றாம் இடம் பெற்ற சோவியத் வீரரின் நேரம் 22.71 நொடி. ஆங் 1982இல் நீந்திய நேரம் அதைவிட நொடியின் நூறில் 2 பங்கு குறைவு. 1988இல் ஆங்கும் சோல் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். ஆனால், ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய வேகம் திரும்பக் கிடைக்கவில்லை, பதக்கமும் கிட்டவில்லை. ஒரு நாளில் நீந்திய நேரத்தை இன்னொரு நாளின் போட்டிக்குக் கொண்டு செல்ல முடியாது. அந்த நாளில், அந்தத் தண்ணீரில், அந்த எதிராளிகளுடன் மறுபடியும் நீந்தியே ஆக வேண்டும். விளையாட்டின் கடுமையும் நேர்மையும் அதுவே.

தில்லியில் ஒலித்த பெயர்

தமக்குரிய தூரத்துக்கு மேடை இல்லாதபோது, ஆங் பெங் சியோங் இருக்கும் மேடையில் நீந்தினார். 1982ஆம் ஆண்டின் இறுதியில் புதுதில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அங்கே 100 மீட்டர் எதேச்சைப் பாணியில் அவர் தங்கப் பதக்கம் வென்றார்.

100 மீட்டர் என்பது 50 மீட்டரின் இரண்டு மடங்கு மட்டுமன்று. அது வேறொரு போட்டி. முதல் 50 மீட்டரில் முழு ஆற்றலையும் செலவிட்டால், திரும்பி வரும்போது கைகள் கனக்கும். மறுமுனையில் நீருக்குள் குட்டிக்கரணம் போட்டுச் சுவரைக் காலால் உதைத்துத் திரும்ப வேண்டும். எவ்வளவு ஆற்றலை எப்போது செலவிடுவது என்ற கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். குறுந்தூர வேகத்துக்குப் பெயர்பெற்ற ஆங், அந்தக் கணக்கிலும் தேர்ந்தார்.

புதுதில்லிக்கும் ஆசிய நீச்சலுக்கும் இன்னொரு பழைய தொடர்பு உண்டு. முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் 1951ஆம் ஆண்டில் அதே நகரில்தான் நடைபெற்றன. அந்தப் போட்டிகளில் சிங்கப்பூரின் நியோ சுவீ கோக் நீச்சலில் 4 தங்கப் பதக்கங்கள் வென்றார். அந்த ஆண்டு 100 மீட்டர் எதேச்சைப் பாணியில் மட்டும் தங்கம் இந்தியாவின் சச்சின் நாகுக்குக் கிடைத்தது. 31 ஆண்டுகள் கழித்து, அதே நகரில், அதே 100 மீட்டர் போட்டியின் தங்கத்தைச் சிங்கப்பூருக்குப் பெற்றுத் தந்தவர் ஆங்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் எதேச்சைப் பாணியின் தங்கத்தை அமெரிக்காவின் ரவ்டி கெய்ன்ஸ் 49.80 நொடிகளில் வென்றார். அந்த ஒலிம்பிக்கிலும் ஆங் நீந்தினார், பதக்கம் கிட்டவில்லை. ஆயினும், தென்கிழக்காசிய விளையாட்டுகளில் அவர் தொடர்ந்து பல தங்கப் பதக்கங்களை வென்றார்.

முறியடிக்கப்படாத நேரம்

ஆண்டுகள் கடந்தன. ஆங் பெங் சியோங் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால், 50 மீட்டர் எதேச்சைப் பாணியின் சிங்கப்பூர்த் தேசியச் சாதனைப் பட்டியலில் 22.69 என்ற எண் மட்டும் அசையாமல் நின்றது.

இதற்கிடையே நீச்சல் உலகம் பெரிதும் மாறியது. பயிற்சி முறைகள் அறிவியல் துணையுடன் வளர்ந்தன. வீரரின் ஒவ்வோர் அசைவையும் நீருக்கடியில் படம்பிடித்து ஆராயும் வசதி வந்தது. தொடக்க மேடையில் பின்காலை ஊன்றிப் பாய்வதற்கான சரிவுப் பலகை பொருத்தப்பட்டது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் நீரின் எதிர்ப்பைக் குறைக்கும் சிறப்பு நீச்சலுடைகள் வந்தன. 2009ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த உலக நீச்சல் வெற்றியாளர் போட்டியில் மட்டும் 43 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன. அந்த உடைகள் நியாயமற்ற உதவியாக இருப்பதாகக் கருதி, 2010ஆம் ஆண்டு முதல் அவை தடை செய்யப்பட்டன. உலகச் சாதனைகள் பல அலையலையாகச் சரிந்த அந்தக் காலத்திலும் ஆங்கின் தேசியச் சாதனை சரியவில்லை.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிங்கப்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டுகள் நடைபெற்றன. காலாங்கில் உள்ள நீச்சல் நிலையத்தில், சொந்த நாட்டு இரசிகர்களின் முன்னிலையில், ஜோசஃப் ஸ்கூலிங் 50 மீட்டர் எதேச்சைப் பாணியில் 22.47 நொடிகளில் நீந்தி வென்றார். 33 ஆண்டுகள் நிலைத்திருந்த தேசியச் சாதனை அன்று முறியடிக்கப்பட்டது.

இரண்டு நேரங்களுக்கும் உள்ள வேறுபாடு 0.22 நொடி. இருவரும் ஒரே குளத்தில் அடுத்தடுத்த தடங்களில் நீந்தியதாகக் கற்பனை செய்தால், ஸ்கூலிங் சுவரைத் தொடும்போது ஆங் ஏறத்தாழ அரை மீட்டர் பின்னால் இருப்பார். ஒரு கையின் நீளத்துக்கும் குறைவான தூரம் அது. அந்த அரை மீட்டரைக் கடக்கச் சிங்கப்பூருக்கு 33 ஆண்டுகள் ஆயின. ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பார்கள். இங்கே ஒவ்வோர் அடியும் நொடியின் நூறில் ஒரு பங்கு.

இருவருக்குமிடையே சில ஒற்றுமைகளும் உள்ளன. சாதனை படைத்தபோது ஆங்கின் வயது 19. ஸ்கூலிங்கின் வயதும் 19. ஆங்கைப் போலவே ஸ்கூலிங்கும் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அடுத்த ஆண்டே, அதாவது 2016இல், ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் ஸ்கூலிங் 50.39 நொடிகளில் தங்கம் வென்றார். அது சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கம்.

ஸ்கூலிங்கின் 50 மீட்டர் நேரமும் இறுதியானதாக இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டு கம்போடியாவில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஜொனதன் டான் 21.91 நொடிகளில் நீந்தினார். ஆங் நின்ற இடத்திலிருந்து சிங்கப்பூர் நீச்சல் அன்று ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மீட்டர் முன்னே சென்றிருந்தது. பின்வரும் வீரர்கள் துரத்துவதற்கு ஓர் இலக்கு தேவை. 33 ஆண்டுகள் அந்த இலக்காக இருந்தது 22.69.

மீண்டும் ஃபேரர் பார்க்

ஓய்வுபெற்ற வீரர்கள் பலர் நீச்சலை விட்டு வேறு துறைகளுக்குச் செல்கின்றனர். ஆங் பெங் சியோங் குளத்தை விட்டு விலகவில்லை. நீச்சல் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தாம் வளர்ந்த அதே ஃபேரர் பார்க் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தந்தார். தேசிய நீச்சல் குழுவின் தலைமைப் பயிற்றுவிப்பாளராகவும் பொறுப்பு வகித்தார்.

உலகின் ஆக வேகமான வீரராக இருந்தவர், தண்ணீரைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு மூச்சை அடக்கிக் குமிழி விடக் கற்றுக் கொடுப்பது எளிய வேலையன்று. வேகமாக நீந்தத் தெரிந்தவர் எல்லாருக்கும் கற்பிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. தம் உடலுக்குத் தானாகவே தெரிந்த ஒன்றை, இன்னொருவர் புரிந்துகொள்ளும்படி சிறு சிறு படிகளாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். கற்பவரின் வேகத்துக்கு ஏற்பக் காத்திருக்க வேண்டும். 22 நொடிகளில் போட்டியை முடித்துப் பழகியவருக்கு அதற்குத் தேவைப்படுவது ஆண்டுக்கணக்கான பொறுமை.

அவரிடம் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் யிப் பின் சியூ. தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் நிலையுடன் வாழும் அவர், சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் பாராலிம்பிக்கில், தம்மைப் போன்ற உடல்நிலை கொண்டோருக்கான பிரிவில், அவர் 50 மீட்டர் மல்லாந்த நீச்சலில் தங்கம் வென்றார். சிங்கப்பூரின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது. அதே போட்டிகளில் அவர் ஒரு வெள்ளிப் பதக்கத்தையும் வென்றார். அது எந்தப் போட்டிக்காகத் தெரியுமா? 50 மீட்டர் எதேச்சைப் பாணி நீச்சலுக்காக.

ஆசிரியர் உச்சத்தில் இருந்தபோது ஒலிம்பிக்கில் இல்லாத தூரம் அது. அதே தூரத்தில் மாணவி உலக மேடையில் பதக்கம் பெற்றார். தமக்குக் கிடைக்காததை எண்ணி ஒதுங்கியிருந்தால், தாம் அறிந்ததைப் பிறருக்குக் கொடுக்கும் வாய்ப்பு ஆங்குக்கு அமைந்திருக்காது.

ஒரு குளத்தின் மதிப்பு

நகரம் மாறிக்கொண்டே இருக்கிறது. மவுண்ட் எமிலி நீச்சல் குளம் 1981ஆம் ஆண்டில் மூடப்பட்டது. யான் கிட் குளமும் பின்னர் மூடப்பட்டது. இப்போது தீவின் பல வட்டாரங்களில் புதிய நீச்சல் வளாகங்கள் உள்ளன. ஃபேரர் பார்க் வட்டாரத்திலும் புதிய வீவக வீடுகளுக்கான திட்டங்கள் வந்துள்ளன. குதிரைகள் ஓடிய இடம் விளையாட்டுத் திடலானது போல, அந்தப் பகுதி மேலும் மாறும்.

ஒரு பொது நீச்சல் குளத்தைக் கட்டும்போது, அதில் நீந்தப்போகும் பிள்ளைகளுள் யார் என்னவாக வருவார் என்று யாருக்கும் தெரியாது. 1957ஆம் ஆண்டில் ஃபேரர் பார்க் குளம் திறக்கப்பட்டபோது ஆங் பெங் சியோங் பிறந்திருக்கவே இல்லை. அங்கு நீந்திய ஆயிரக்கணக்கானவர்களுள் ஒருவர்தான் உலகத் தரவரிசையின் முதல் இடத்துக்குச் சென்றார். மற்றவர்கள் நீந்தக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்ப் பயம் நீங்கினார்கள். வார இறுதிகளில் நண்பர்களுடன் மகிழ்ந்தார்கள். எல்லாருக்கும் திறந்திருந்த குளம் என்பதால்தான் அந்த ஒருவருக்கும் அங்கே இடம் கிடைத்தது.

ஆங் பெங் சியோங்கின் பெயரில் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. ஆசிய விளையாட்டுத் தங்கம் உண்டு; ஓர் ஆண்டின் உலக முதலிடம் உண்டு; 33 ஆண்டுகள் நின்ற சாதனை உண்டு; அவரிடம் நீந்தக் கற்ற பிள்ளைகள் உண்டு. சாதனையை 2015இல் வேறொருவர் முறியடித்தார். நீந்தக் கற்றுக்கொண்ட பிள்ளைகளிடமிருந்து அந்தத் திறனை எவராலும் எடுத்துவிட முடியாது.